புப்புசா தட்டும் கைகள்

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் மேரிலாந்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் சால்வடோர்-மெக்சிகோ உணவுக் கடைக்குப் போய்விடுவோம். ஆறேழு மேசைதான். மூன்று பேர் வயிறு நிறையச் சாப்பிட்டாலும் பில்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டாக்கோ, புரிட்டோ எல்லாம் உண்டு. நான் போவது புப்புசாவுக்காக; மத்திய அமெரிக்காவில் இருக்கும் எல் சால்வடோரின் உள்ளே பூரணம் வைத்த சோள ரொட்டி அது.

கல்லுக்குப் பக்கத்தில் நிற்கும் அம்மா சோளமாவை உருட்டி, கொழுக்கட்டைக்குச் சொப்பு செய்வதுபோல் குழித்து, சீஸும் லொரோக்கோ என்ற கொடியின் பூமொட்டும் வைத்து மூடுவார். அப்புறம் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே பட் பட்டென்று தட்டத் தட்ட வட்டமாக விரியும். சீஸ் வெளியே கசிந்து கல்லில் முறுகலாகிற அந்த ஓரம் இருக்கிறதே, அதற்கு என் மகளோடு சண்டையே போடுவேன்.

மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவைத்து அரைத்த மாவு, அதனால் மணமே வேறு. கூடவே முட்டைக்கோஸ், கேரட் வினிகரில் ஊறிய குர்த்திதோ. கையால் பிய்த்துத்தான் சாப்பிட வேண்டும், அவர்கள் வழக்கமும் அதுதான்.

குடிக்க ஓர்ச்சாத்தா என்ற இனிப்புப் பானம். மெக்சிகோவில் அரிசியில் செய்வது; சால்வடோரில் மோரோ என்ற மரத்தின் காயிலிருக்கும் விதையில். இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள்.

எல் சால்வடோரில் 1980 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் ஊரைவிட்டு வந்த பலர் வாஷிங்டன் டி.சி.யைச் சுற்றிக் குடியேறினார்கள். அந்தக் கைப்பக்குவம் இங்கே நமக்குக் கிடைப்பது அப்படித்தான்.

சரி, நவம்பர் இரண்டாவது ஞாயிறு எல் சால்வடோரின் புப்புசா நாள். பக்கத்தில் இருப்பவர்கள் யார் வருகிறீர்கள்?