கண் கோட்டில், காது பந்தில்

பதினெட்டு வருஷம் கால்பந்தில் ஃபார்வர்டாக, அதாவது முன்னால் நின்று கோல் அடிக்கிற ஆளாக, ஆடினேன். ஆஃப்சைடு என்றால் என்னவென்று எனக்கு ஒழுங்காகப் புரிந்தது, முட்டி கெட்டு ஆட்டத்தை விட்டுவிட்டுக் கையில் கொடியைப் பிடித்த பிறகுதான். இப்போது அமெச்சூர் ஆட்டங்களில் லைன்ஸ்மேனாக ஓடுகிறேன். விதிப்புத்தகம் ‘உதவி நடுவர்’ என்கிறது. மைதானத்தில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

என் தங்கை மகளுக்குப் பன்னிரண்டு வயது. இந்த வருஷம்தான் ஒரு டீமில் சேர்ந்திருக்கிறாள். அணிக்குப் பதினொரு பேர், 45 நிமிஷம் இரண்டு பாதி, பந்து முழுசாகக் கோட்டைத் தாண்டினால்தான் கோல், கோல்கீப்பர் தவிர யாரும் கையால் தொடக்கூடாது. இதெல்லாம் அவளுக்கு ஒரே நாளில் வந்துவிட்டது. மாட்டிக்கொண்டது ஆஃப்சைடில். “கோல்தான் விழுந்துச்சே மாமா, ஏன் குடுக்கல?” என்று ஒரு மேட்ச் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

செஸ் காய்களை மேஜையில் பரப்பினேன். கறுப்பு ராஜா கோல்கீப்பர், கறுப்புச் சிப்பாய்கள் டிஃபெண்டர்கள், வெள்ளைக் குதிரை ஃபார்வர்டு. குதிரை எதிரணியின் பாதியில் இருக்கிறது. பந்தையும் தாண்டி, எதிரணியில் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி, கோல் கோட்டுக்குக் கிட்டே நிற்கிறது. அப்படியென்றால் அது ஆஃப்சைடு இடம். கடைசி ஆள் பெரும்பாலும் கோல்கீப்பர் என்பதால் ‘கடைசி டிஃபெண்டர்’ என்று பேச்சுவழக்கில் சொல்லிவிடுகிறோம். கீப்பர் முன்னால் ஏறி வந்துவிட்டால் அந்தக் கணக்கு தப்பிப்போகும். கடைசிக்கு முந்தைய ஆளுக்கு நேர்கோட்டில் நின்றால் தப்பில்லை. அந்த இடத்தில் சும்மா நிற்பதும் குற்றமில்லை. ஆட்டத்தில் தலையிட்டால்தான் கொடி. பந்து வெளியே போன பிறகு ஆட்டத்தைத் திரும்பத் தொடங்குகிற த்ரோ-இன், கார்னர், கோல் கிக் மூன்றிலும் நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடே கிடையாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு முக்கியமானதைக் கடைசியில் சொன்னேன். இதையெல்லாம் பார்க்க வேண்டியது பந்து ஃபார்வர்டிடம் வந்து சேரும்போது இல்லை. பாஸ் கொடுப்பவரின் கால் பந்தைத் தொடுகிற அந்த நொடியில். நடுவில் ஃபார்வர்டு ஓடி எவ்வளவு தூரம் போனாலும் கணக்கில் வராது.

நான் தவறியது இங்கேதான். கொடி பிடித்த முதல் வருஷம், 1-0 என்று போய்க்கொண்டிருந்த ஆட்டம். பின்தங்கியிருந்த அணியின் ஸ்ட்ரைக்கர் தனியாக ஓடிவந்து பந்தை வலைக்குள் தள்ளினார். பந்து அவர் காலுக்கு வந்தபோது எல்லோரையும் தாண்டி நின்றார். கொடியை நேராக உயர்த்தினேன், ரெஃப்ரி விசில் ஊதினார், கோல் போனது. ஆட்டம் முடிந்ததும் அந்தப் பையன் என்னிடம் வந்து குரலை உயர்த்தாமல் சொன்னான்: “அண்ணா, பாஸ் வந்தப்போ நான் எங்க பாதியிலதான் நின்னேன்.” உண்மை. தன் பாதியில் நிற்பவருக்கு ஆஃப்சைடு கிடையாது. 1907-லிருந்தே விதி அதுதான். நான் பாஸ் கொடுப்பவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையைத் திருப்பி டிஃபெண்டர்களைப் பார்ப்பதற்குள் அவன் பறந்துவிட்டான். ஃபார்வர்டு ஒரு திசையில், டிஃபெண்டர் எதிர்த்திசையில், ஆளுக்கு நொடிக்கு ஆறு மீட்டர் ஓடினால், கால் நொடியில் இருவருக்கும் நடுவே மூன்று மீட்டர் விழுந்துவிடும். அந்த மூன்று மீட்டரைத்தான் நான் ஆஃப்சைடு என்று பார்த்தேன். அந்தப் பையனின் கோலை எடுத்தது நான். இன்னும் மனசில் இருக்கிறது.

சீனியர் ரெஃப்ரி ஒருவர் அன்று மாலை கற்றுக்கொடுத்தார்: கண் கோட்டை விட்டு நகரக்கூடாது, பந்தைக் காதால் கேள். கடைசிக்கு முந்தைய ஆளுக்கு நேராக, பக்கவாட்டு நடையில் அவரோடு நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். பூட்ஸ் பந்தில் படும் ‘டப்’ சத்தம் வந்ததும் கண்ணில் இருக்கிற காட்சியை அப்படியே மனசில் நிறுத்திக்கொள்ள வேண்டும். கொடிக்கு அவசரமில்லை, யார் பந்துக்குப் போகிறார் என்று பார்த்துவிட்டுத் தூக்கலாம்.

இந்த விதி ஒரே நாளில் இந்த வடிவத்துக்கு வரவில்லை. 1863-இல் லண்டனில் கால்பந்துச் சங்கம் எழுதிய முதல் விதிகளில், பந்துக்கு முன்னால் நிற்கிற சக வீரர் எல்லோருமே ஆஃப்சைடு. முன்னோக்கிப் பாஸ் கொடுப்பதற்கே வழியில்லை. 1866-இல் எதிரணியில் மூன்று பேர் முன்னால் இருந்தால் போதும் என்றானது, 1925-இல் மூன்று இரண்டானது, 1990-இல் நேர்கோட்டில் நிற்பவருக்கும் விடுதலை கிடைத்தது. ஒவ்வொரு மாற்றமும் ஃபார்வர்டுக்குத்தான் இடம் கொடுத்திருக்கிறது. பழைய ஃபார்வர்டாக எனக்கு அதில் சந்தோஷம்தான்.

மாற்றுகிற அதிகாரம் ஃபிஃபாவிடம் மட்டும் இல்லை என்பது பலருக்கும் தெரியாது. 1886-இல் தொடங்கிய ஐஎஃப்ஏபி என்ற விதிக்குழுதான் முடிவு செய்கிறது. மொத்தம் எட்டு ஓட்டு. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்கு ஆளுக்கு ஒன்று. மற்ற நான்கும் ஃபிஃபாவுக்கு. விதியில் ஒரு வரியை மாற்ற ஆறு ஓட்டு வேண்டும். ஐந்து முறை உலகக் கோப்பை வென்ற பிரேசிலுக்குத் தனி ஓட்டு இல்லாதபோது வேல்ஸுக்கு இருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் சட்டென்று எதையும் மாற்ற முடியாத அந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது. மொத்தமே 17 விதிகள்தான்.

போன ஞாயிறு பயிற்சி ஆட்டத்தில் தங்கை மகளிடம் கொடியைக் கொடுத்துக் கோட்டோரம் நிறுத்தினேன். ஐந்து முறை கொடி தூக்கினாள், மூன்று சரி. தப்பான இரண்டும் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து வந்த பாஸ்கள். “அந்தப் பக்கம் அடிச்சா சத்தம் லேட்டா வருது மாமா” என்றாள்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். மைதானத்தின் அகலம் அறுபது மீட்டர். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். சத்தம் என்னிடம் வந்து சேர 0.18 நொடி. அதற்குள் எதிரெதிரே ஓடும் ஃபார்வர்டுக்கும் டிஃபெண்டருக்கும் நடுவே இரண்டு மீட்டர் இடைவெளி விழுந்திருக்கும். இத்தனை வருஷம் காதை நம்பி நின்ற எனக்கு இது தோன்றவே இல்லை. அடுத்த ஆட்டத்தில் அந்தப் பக்கத்துப் பாஸ்களுக்கு ஓரக்கண்ணையும் சேர்த்து வைத்துப் பார்க்கப்போகிறேன்.