கொம்பு, டிரம், மைக்: ஒரு டிரம் கோர் கோடையின் நாட்குறிப்பு

ஜூலை 18, 2025, வெள்ளி. சான் அன்டோனியோவுக்கு வெளியே

விடிவதற்கு முன்பே சமையல் லாரியில் அடுப்பு எரிய ஆரம்பித்துவிட்டது. லாரி என்றால் நீளமான டிரெய்லர். உள்ளே அடுப்பும் குளிர்ப்பெட்டிகளும், வெளியே மடக்கு மேஜைகள். மகள் ஸ்னேர் என்ற டிரம் வாசிக்கும் டிரம் கோருக்கு இங்கிருந்து இண்டியானாபொலிஸ் வரை சமையல் தொண்டுக்கு வந்திருக்கிறேன். நூற்றைம்பது பிள்ளைகளுக்கு மேல், அவர்களோடு பயிற்றுநர்கள், டிரைவர்கள். நாளைக்கு நான்கு வேளை. நான்காவது வேளை, இரவு நிகழ்ச்சி முடிந்து பஸ் ஏறுவதற்கு முன்னால்.

ஊரிலிருந்து கேட்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன். டிரம் கோர் என்பது பித்தளைக் கொம்புகள், டிரம்கள், கொடி வீசுபவர்கள் சேர்ந்து அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் நடந்தும் ஓடியும் வாசிக்கும் குழு. நிகழ்ச்சி பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். அந்த ஒரே நிகழ்ச்சியைக் கோடை முழுக்கச் செதுக்குவார்கள். பள்ளி, கல்லூரி மார்ச்சிங் பேண்டில் கிளாரினெட், சாக்ஸபோன் எல்லாம் உண்டு, இங்கே கிடையாது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களின் சங்கங்கள் ராணுவத்தில் ஊதும் பியூகிள் என்ற கொம்பையும் டிரம்மையும் வைத்து வளர்த்த கலை இது. இருபத்தொரு வயதோடு பிள்ளைகள் வெளியேற வேண்டும். பகலில் வெயிலில் ஒத்திகை, இரவில் பஸ், விடிந்தால் ஏதோ ஒரு பள்ளியின் ஜிம் தரையில் படுக்கை.

ஜூலை 19, சனி. அலமோடோம்

கூரை போட்ட அரங்கம். எங்கள் முறை முடிந்ததும் மேலே ஓர் இடம் பிடித்து உட்கார்ந்தேன். என்னோடு லாரியில் வெங்காயம் நறுக்கும் பெரியவரும் வந்தார். எழுபதைத் தாண்டியவர். நியூ ஜெர்ஸியில் சிறுவனாக ஒரு தேவாலயத்தின் குழுவில் பியூகிள் வாசித்தவர்.

ஒவ்வொரு குழுவும் முடித்ததும் என் பக்கம் திரும்பி, “கொம்பு கேட்டதா, ஸ்பீக்கர் கேட்டதா?” என்பார். நியாயமான கேள்வி. சிந்தசைசர் என்ற மின்னணு விசைப்பலகையின் அடிச்சத்தம் எழும்போது நாற்காலியே அதிர்கிறது. அந்த அதிர்வுக்குள் டியூபாக்கள் என்ன வாசித்தார்கள் என்று பிரித்துக் கேட்க முடியவில்லை. பதினாறு பதினேழு பிள்ளைகள் அவ்வளவு கனமான கொம்பைத் தோளில் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக ஓடி வாசிக்கிறார்கள். அவர்களுடைய சத்தத்தை ஒரு விசை விழுங்கிவிடுவது எனக்கும் பிடிக்கவில்லை.

ஆனால் முழுக்க அவர் கட்சி என்றும் சொல்ல மாட்டேன். மைதானத்தின் முன்னால் மரிம்பா, வைப்ரஃபோன் என்று குச்சியால் தட்டும் பெரிய வாத்தியங்களை வைத்து வாசிப்பவர்களை இங்கே பிட் என்கிறார்கள். 1982இல்தான் இவற்றைத் தரையில் நிறுத்தி வாசிக்க அனுமதி வந்தது. அதற்கு முன்னால் எல்லாவற்றையும் தோளில் மாட்டிக்கொண்டுதான் நடந்தார்கள். ஒலிபெருக்கி வந்தது 2004இல். அதுவரை மரிம்பா அரங்கத்தின் மேல் வரிசை வரை கேட்க வேண்டுமென்றால் கெட்டியான குச்சியால் ஓங்கி அடிக்க வேண்டும். மைக் வந்த பிறகு கச்சேரி மேடையில் வாசிப்பதுபோல மென்மையான குச்சியோடு வாசிக்க முடிகிறது. அது இசைக்கு லாபம். 2009இல் வந்த சிந்தசைசர்தான் வேறு கதை.

இரவுச் சாப்பாடு பரிமாறி முடித்தபின் பெரியவர் பையிலிருந்து தன் பழைய கொம்பை எடுத்துக் காட்டினார். ஜி சுருதி. மேல் பூச்சு போய், விரல் பட்ட இடமெல்லாம் கறுத்திருக்கிறது. டிரம்பெட்டில் வால்வுகள் நிமிர்ந்து நிற்கும், இதில் அழுத்தும் வால்வு ஒன்றுதான், அதுவும் படுத்திருக்கிறது, கட்டை விரலால் அழுத்த வேண்டும். கூடவே மறு கைக்கு ஒரு சுழல் வால்வு. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு எல்லா சுரங்களையும் பிடிக்க முடியாது. இருப்பதை வைத்துப் பாட்டை அமைப்பார்களாம். 1977இல் அழுத்தும் வால்வு இரண்டு, 1990இல் மூன்று, 2000இல் எந்தச் சுருதிக் கொம்பானாலும் சரி என்று ஆகிவிட்டது. ஜி பியூகிள் அதோடு போயிற்று. 2014இல் டிரோம்போனும் உள்ளே வந்தது.

“அந்தக் கொம்பில் வாசித்தால் காது கிழியும். ஆனால் யார் வாசிக்கிறார்கள் என்று தெரியும்,” என்றார்.

ஜூலை 23, புதன். வழியில்

இன்று பகலில் வேலை குறைவு. டிரம்காரர்கள் ஒத்திகை பார்க்கும் மர நிழலில் போய் நின்றேன்.

மகளின் இடது கையைக் கவனித்தேன். வலது கையில் குச்சியைச் சாதாரணமாகப் பிடித்திருக்கிறாள். இடது கை மல்லாந்திருக்கிறது. குச்சி கட்டை விரல் இடுக்கில் தங்கி, மோதிர விரலின் மேல் படுத்திருக்கிறது. மணிக்கட்டைச் சாவி திருப்புவதுபோலத் திருப்பி அடிக்கிறாள். இதை டிரெடிஷனல் கிரிப் என்கிறார்கள். அந்தக் காலத்தில் டிரம்மை ஒரு வாரில் கட்டித் தோளிலிருந்து தொங்கவிட்டார்கள். அது இடது தொடையில் சாய்ந்து கிடந்தது. சாய்ந்த டிரம்மில் இடது கைக்கு வேறு வழியில்லை. இன்று தோளிலும் மார்பிலும் மாட்டும் சட்டம் வந்துவிட்டது, டிரம் மேஜைபோல மட்டமாக நிற்கிறது. டிரம்மின் மேல்தோல்கூட குண்டு துளைக்காத சட்டைகளுக்குப் பயன்படும் கெவ்லார் இழை. எல்லாம் மாறியும் இடது கை மட்டும் சாய்ந்த டிரம்மையே அடித்துக்கொண்டிருக்கிறது.

இரண்டு கையும் ஒரே மாதிரி பிடிக்கும் முறைக்கு மாறிய குழுக்களும் உண்டு. ஏன் மாறவில்லை என்று மகளிடம் கேட்டேன்.

“அப்பா, இதுல வர்ற சத்தம் எனக்குப் பிடிக்கும். வரிசையில எட்டு பேர் கையும் ஒரே மாதிரி திரும்புறதப் பாருங்க, அது வேற எதுலயும் வராது.”

அவளுக்கு அது பழசு என்ற நினைப்பே இல்லை. கையில் பிடித்துப் பார்த்து, பிடித்திருந்ததால் வைத்துக்கொண்டாள். சில குழுக்களில் சமீப காலம் வரை பெண்களுக்கு இடமே கிடையாது என்பதையும் நினைத்துக்கொண்டேன். 1938இல் ஆண்களுக்காகத் தொடங்கிய மேடிசன் ஸ்கௌட்ஸ் சில வருஷங்களுக்கு முன்னால்தான் எல்லோருக்கும் கதவைத் திறந்தது. அந்த மாற்றத்துக்கு எதிராக யார் என்ன சொன்னாலும் நான் காது கொடுக்க மாட்டேன்.

ஜூலை 26, சனி. அட்லாண்டா

உடையைப் பற்றி இன்று லாரியில் பெரிய விவாதம். ஷேக்கோ என்கிற உயரமான தொப்பி, அதில் இறகு, மார்பில் குறுக்குப் பட்டை, இப்படி ராணுவ அணிவகுப்பின் உடைதான் பல காலம் இருந்தது. கடந்த பத்து வருஷத்தில் பெரும்பாலான குழுக்கள் அதைக் கழற்றிவிட்டு, உடம்போடு ஒட்டும் நெகிழ்துணிக்கு வந்துவிட்டன. நடனமும் ஓட்டமும் கூடிவிட்ட நிலையில் கம்பளிக் கோட்டில் எப்படி ஆடுவது? அது புரிகிறது.

எனக்குப் பட்டது வேறு. பழைய சீருடை பல வருஷம் வரும். ஒரு பிள்ளை விட்டுப்போனதை அடுத்த பிள்ளை போட்டுக்கொள்ளும். இன்றைய உடை அந்த வருஷத்துக் கதைக்காகத் தைத்தது. அடுத்த வருஷம் கதை மாறும், உடையும் மாறும். மைதானத்தில் நிறுத்தும் மேடைகள், சாய்தளங்கள், அவற்றை ஏற்ற ஒரு லாரி, ஒலிக்கருவிகள், அவற்றைப் பார்க்க ஆட்கள் என்று எல்லாமே அப்படித்தான். அந்தச் செலவெல்லாம் கடைசியில் பிள்ளைகளின் கட்டணத்தில்தான் வந்து நிற்கிறது. பெரிய குழுக்களில் ஒரு கோடைக்கு 5,000 டாலருக்கு மேல் கேட்கிறார்கள். குளிர்கால முகாம்களுக்கு விமானம் ஏறிப் போகும் செலவு தனி.

ஆகஸ்ட் 1, வெள்ளி. அலன்டவுன், பென்சில்வேனியா

கூரையில்லாத பழைய ஸ்டேடியம். பார்வையாளர்களில் பாதிப்பேர் ஒருகாலத்தில் வாசித்தவர்கள் என்று பார்த்தாலே தெரிகிறது. வெளுத்துப்போன கோர் ஜாக்கெட்டுகள். திறந்த வெளியில் ஸ்பீக்கரின் ஆதிக்கம் குறைந்து கொம்பின் சத்தம் நேராக நெஞ்சில் வந்து மோதுகிறது. பெரியவர் இன்று என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, எழுந்து நின்று கைதட்டினார்.

இங்கே ஒரு குழு இல்லாதது எல்லோர் பேச்சிலும் வந்தது. கேடட்ஸ். 1934இல் நியூ ஜெர்ஸி கார்ஃபீல்டில் ஹோலி நேம் தேவாலயத்தின் பையன்களை வைத்துத் தொடங்கியது. பிற்பாடு பல வருஷம் இந்த அலன்டவுன்தான் அதற்கு வீடு. டி.சி.ஐ. (டிரம் கோர்ஸ் இன்டர்நேஷனல், இந்தப் போட்டிகளை நடத்தும் அமைப்பு) போட்டியில் பத்து முறை முதலிடம். 1983, 84, 85 என்று தொடர்ந்து மூன்று. அப்போது ஜார்ஜ் ஸிங்காலி அமைத்த அணிவகுப்பில் நேர்கோடும் சமச்சீரும் உடைந்து, வளைவுகள் ஓடும் வேகத்தில் உருமாறின. அதுவரை நடுவர்கள் பிள்ளைகளின் நடுவே நடந்துகொண்டே, ஒரு தப்புக்குப் பத்தில் ஒரு புள்ளி என்று கழித்துக்கொண்டிருந்தார்கள். அந்த முறை 1984இல் ஒழிந்தது. தப்பைத் தேடும் நடுவர்கள் மைதானத்தில் இருந்தபோதே, 1983இல், அந்த வேகத்தில் ஓடத் துணிந்த குழு அது. மெரூனும் தங்கநிறமுமான ராணுவப் பள்ளிச் சீருடையை அணிந்துகொண்டே அதைச் செய்தார்கள். பழமையையும் துணிச்சலையும் ஒரே உடம்பில் வைத்திருந்தவர்கள்.

2024 ஜனவரியில் மூடிவிட்டார்கள். தொண்ணூறாவது ஆண்டு. வழக்குகளும் காப்பீடும் கடனும் சேர்ந்து முடித்துவிட்டன.

பெரியவர் தன் கதையைச் சொன்னார். பள்ளி விட்டதும் நடந்தே தேவாலயக் கூடத்துக்குப் போவாராம். கொம்பையும் சீருடையையும் சும்மா கொடுத்தார்கள். அப்பா துறைமுகத் தொழிலாளி. “கட்டணம் என்று ஒன்று இருந்திருந்தால் நான் வாசலைத் தாண்டியிருக்க மாட்டேன்,” என்றார்.

தொப்பி, மைக், சுருதி என்று மக்கள் சண்டை போடுகிறார்களே, எனக்கு வலிப்பது இதுதான். டிரம் கோர் ஒருகாலத்தில் ஒரு தெருவுக்கு, ஒரு தேவாலயத்துக்கு, ஓர் ஊருக்குச் சொந்தமாக இருந்தது. 1970களில் நாடு முழுக்க நூற்றுக்கணக்கில் இருந்தன. இன்று மேல் பிரிவில் இருபது சொச்சம். அவற்றில் வாசிக்கிறவர்கள் பல மாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பறந்து வருகிறார்கள். என் மகளும் அப்படி வந்தவள்தான், என்னால் கட்ட முடிந்ததால் வந்தவள். வாசிப்புத் தரம் அன்றைக்கு நினைத்தே பார்க்க முடியாத உயரம், அதை மறுக்க முடியாது. ஆனால் குழு பெயரில் இருக்கும் ஊரில் ஒரு பையன் சைக்கிளில் போய்ச் சேர முடியுமா?

ஆகஸ்ட் 5, செவ்வாய். ஒஹாயோ வழியாக

காலையில் சைவப் பிள்ளைகளுக்கு எலுமிச்சை சாதம். மற்றவர்களும் அதையே கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள், சட்டி காலி.

பெரியவரோடு 1971 பற்றிப் பேச்சு. அப்போது பெரிய போட்டிகளெல்லாம் படைவீரர் சங்கங்களின் கையில். தேசியக் கொடியை எப்படிக் கொண்டுவர வேண்டும், எப்படி நடக்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் விதி. வியட்நாம் போர் நடக்கும்போதே கார்ஃபீல்ட் கேடட்ஸ் மைதானத்தில் அமைதிச் சின்னத்தை அமைத்து நின்றார்கள். அதே வருஷம் கேவலியர்ஸ், ட்ரூப்பர்ஸ், மேடிசன் ஸ்கௌட்ஸ், சான்டா கிளாரா வேன்கார்ட், ப்ளூ ஸ்டார்ஸ் ஐந்தும் ஒன்றுசேர்ந்து, விதியும் பணமும் எங்கள் கைக்கு வரட்டும் என்று கிளம்பின. அதிலிருந்து பிறந்ததுதான் டி.சி.ஐ. முதல் போட்டி 1972இல் விஸ்கான்சினில் வைட்வாட்டரில். அனஹைம் கிங்ஸ்மென் ஜெயித்தது.

ஆக, இன்று “எங்கள் காலம்” என்று பெருமூச்சு விடுகிறவர்களின் அந்தக் காலமே ஒரு கலகத்தில் பிறந்தது. பெரியவர் இதை ஒத்துக்கொண்டார். அப்புறம், “அன்றைக்கு எங்களுக்குப் பணம் கொடுத்தவர்களையும் சேர்த்து விட்டு வந்துவிட்டோம்,” என்று சொன்னார். அது எனக்குப் புதிது. சங்கமும் தேவாலயமும் விதி போட்டன, வாடகையும் கட்டின. ஒன்றை உதறினால் மற்றதும் போகும் என்று அன்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

ஆகஸ்ட் 9, சனி. இண்டியானாபொலிஸ்

லூகாஸ் ஆயில் ஸ்டேடியம். 2009 முதல் இறுதிப் போட்டி இங்கேதான். பாஸ்டன் க்ரூஸேடர்ஸ் ஜெயித்துவிட்டது!

அறிவிப்பு வந்தபோது எந்தக் கட்சி என்று பார்க்காமல் அரங்கமே எழுந்தது. 1940இல் பாஸ்டனில் ஒரு தேவாலயக் குழுவாகத் தொடங்கியது. பல முறை விழுந்து எழுந்து, டி.சி.ஐ. இறுதிச் சுற்றையே 1999இல்தான் முதல் முறை தொட்டது. எண்பத்தைந்து வருஷத்தில் முதல் பட்டம் இது. மைக், சிந்தசைசர், புது உடை எல்லாம் வைத்துக்கொண்டுதான் ஜெயித்தார்கள். பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் சிறுவயதில் எதிர்த்து வாசித்த குழுவாம்.

மகளுக்கு இன்னும் இரண்டு கோடை பாக்கி. எங்கள் குழு எதிர்பார்த்த இடத்துக்கு வரவில்லை. ஆனால் கடைசி ஓட்டத்தில் ஸ்னேர் வரிசை சுத்தமாக இருந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு. லாரி கழுவும் நாள்

அடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது குழு நிர்வாகியிடம் பேச நேரம் கிடைத்தது. என் யோசனை இதுதான்: ஒவ்வொரு வருஷமும் குழுவின் சொந்த ஊர்ப் பள்ளிகளிலிருந்து நான்கு பிள்ளைகளைக் கட்டணமில்லாமல் எடுக்க வேண்டும். அதற்கான பணத்தைப் பெற்றோர்கள் திரட்டுகிறோம். ஒரு வருஷம் மேடைப் பொருள்களைக் குறைத்தால் பாதித்தொகை அதிலேயே வரும் என்றும் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. வடிவமைப்பாளர்களிடம் பேச வேண்டும் என்றார். நவம்பரில் தேர்வு முகாம் தொடங்குகிறது, அதற்கு முன்னால் எழுத்தில் கேட்டிருக்கிறேன். முதல் காசோலையை, “நான்தான் எழுதுவேன்,” என்று பெரியவர் சொல்லிவிட்டார்.