வனிலாவுக்குக் கல்யாணம்

காரைக்காலிலிருந்து கல்யாணமாகி, இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸைச் சேர்ந்த இந்த ரீயூனியன் தீவுக்கு வந்ததிலிருந்து, சனிக்கிழமை காலைகளில் சேந்த்-ஆந்த்ரேயில் எங்கள் வீட்டு வராந்தாவில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் தீவின் பேச்சுமொழியான கிரெயோல், பள்ளியில் பிரெஞ்சு, என்னிடம் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் தமிழ். இந்தத் தடவை பூவின் பாகங்களைத் தமிழில் சொல்லித் தரலாம் என்று செம்பருத்தியை எடுத்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

நான் படித்தபோதும் செம்பருத்திதான். வேலியிலேயே பூத்துக் கிடக்கிறது, பறித்து பிளேடால் நெடுக்காகக் கீறி, புல்லி, அல்லி, மகரந்தத்தாள், சூலகம் என்று வரிசையாகக் காட்டி, அடியிலுள்ள இந்தச் சூல்பைதான் பிறகு காயாகும் என்று முடித்தேன். "அக்கா, அப்போ செம்பருத்திக் காய் எங்கே?" என்றான் ஒன்பது வயசுப் பையன். வேலி முழுக்கத் தேடினோம், ஒன்றுகூட இல்லை. தோட்டத்துச் செம்பருத்தி காய்ப்பது அபூர்வம், கிளையை ஒடித்து நட்டே வளர்க்கிறோம். இத்தனை வருஷம் சாமிக்குப் பறித்த பூ, எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது.

அடுத்த வாரம் பூசணி. பெண் பூவுக்கு அடியில் கோலிக்குண்டு அளவில் குட்டிப் பூசணி, ஆண் பூவுக்கு வெறும் காம்பு. நான் வாயே திறக்க வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் வனிலா. பக்கத்து வீட்டுப் பாட்டி சின்ன வயசில் வனிலாத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அந்த வேலை செய்யும் பெண்களை இங்கே 'மரியெஸ்' என்பார்கள், கல்யாணம் முடித்து வைப்பவள் என்று அர்த்தம். பூ விடிகாலையில் விரிந்து மதியத்துக்குள் வதங்கிவிடும் என்பதால் பிள்ளைகளை ஏழு மணிக்கே வரச் சொன்னேன். தாழை மரத்தில் சுற்றியிருந்த கொடியில் வெளிர்பச்சையாகப் பதினோரு பூ. பாட்டி எலுமிச்சை முள்ளால் ஒரு பூவின் உதட்டிதழைக் கீறித் திறந்தார். உள்ளே ஒரே தண்டில் மேலே மகரந்தம், கீழே அதை வாங்கிக்கொள்ளும் சூல்முடி, இரண்டுக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு தோல். ஒரே வீட்டில் மாப்பிள்ளையும் பெண்ணும், நடுவில் சாத்திய கதவு! முள்ளால் அந்தத் தோலைத் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தைக் கீழே ஓர் அழுத்து. அவ்வளவுதான், கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிட்டது. பழகிய கை ஒரு காலையில் ஆயிரம் பூவுக்கு மேல் முடித்துவிடுமாம். காம்பு என்று பிள்ளைகள் பிடித்திருந்தது காம்பே இல்லை, சூல்பை. நீளுவது அதுதான்.

மெக்சிகோவிலிருந்து வந்த கொடி இது, அங்கே இந்த வேலையைத் தேனீ பார்த்துக்கொள்ளும். தீவுக்கு 1819-இல் கொடி வந்தது, தேனீ வரவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் பூத்ததே தவிர காய்க்கவில்லை. பெல்ஜியத்தில் ஒரு பேராசிரியர் 1836-இலேயே கையால் காய்க்க வைத்துவிட்டார், ஆனால் தோட்டக்காரர்கள் பிடித்துக்கொண்டது 1841-இல் நமக்குப் பக்கத்து ஊரான சேந்த்-சூசானில் எத்மோன் என்ற அடிமைச் சிறுவன் கண்டுபிடித்த முறையைத்தான். அவனுடைய எஜமானர் பூசணி இனக் கொடி ஒன்றில் ஆண் பூவைப் பெண் பூவோடு சேர்ப்பது எப்படி என்று முன்பே காட்டியிருந்தார், அதை வைத்துப் பையன் வனிலாவின் கதவைத் தானே திறந்தான். வயசு பன்னிரண்டு. 1848-இல் விடுதலை, அல்பியுஸ் என்று குடும்பப் பெயர். தீவே வனிலாவில் சம்பாதித்தது, அவர் 1880-இல் ஏழையாகவே செத்தார். இதைச் சொன்னதும் வகுப்பில் பன்னிரண்டு வயசுக்காரி ஒருத்தி மட்டும் முள்ளைக் கீழே வைக்கவே இல்லை.

மறு சனிக்கிழமை பார்த்தால் நான்கு பூ உதிர்ந்து கிடந்தது. ஏழு, வதங்கியும் நுனியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது, காய் பிடித்தது அந்த ஏழில்தான். உதிர்ந்தது வீ, வாடியது செம்மல் என்று பழைய தமிழ்ச் சொல் இரண்டை அங்கேயே நின்று சொல்லிக்கொடுத்தேன், செம்பருத்தி வகுப்பில் சொன்ன எதையும் நினைவில் வைக்காத பயல்கூட இதைப் பிடித்துக்கொண்டான். காய் பறிக்க ஒன்பது மாசம் ஆகும். காய் பெருத்ததும் ஊசியால் பேர் குத்தி வைத்தால் திருட்டுப் போகாது என்று பாட்டி சொல்லிவிட்டார், இப்போது ஏழு காய்க்கு எட்டுப் பேர் சண்டை.