பேவர் போட்ட பிறகு ஏறிய ஓதம்

காரைக்குடி வட்டாரத்தில் பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பது என் பிழைப்பு. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் போன் வர ஆரம்பிக்கும். "சுவர்ல ஓதம் அடிக்குது, நல்ல வாட்டர்ப்ரூஃப் பெயின்ட்டா ஒண்ணு சொல்லுங்க" என்பார்கள். வெளியே தளம் போட்டது எப்போது என்று நான் திருப்பிக் கேட்பேன்.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீடு. அறுபதாங் கல்யாணத்துக்குப் பந்தி போடத் தோதாக இருக்கட்டும் என்று பக்கவாட்டுக் கொல்லையில் பேவர் பிளாக் பதித்திருந்தார்கள். கீழே இருந்த பழைய செங்கல் தளத்தைப் பெயர்க்கவில்லை. அதன் மேலேயே எம்-சாண்ட் கொட்டிப் பரப்பி வேலையை முடித்துவிட்டார்கள். தரை அரை அடிக்கு மேல் உயர்ந்துவிட்டது. அடுத்த மழைக்கு உள்ளறைச் சுவர் இடுப்பளவு பொரிந்துபோனது. விரலால் தடவினால் பெயின்ட் செதில் செதிலாகக் கையோடு வந்தது. அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. "எங்க மாமனார் இருந்தவரைக்கும் இந்தச் சுவர் இப்படிப் பொரிஞ்சதே இல்ல தம்பி" என்று ஆச்சி அங்கலாய்த்தார்.

வெளியே போய்ச் சுவரோரம் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்னேன். தண்ணீர் கொல்லைப் பக்கம் போகாமல் சுவரடியிலேயே தேங்கி, மெல்ல இறங்கி மறைந்தது. பேவரும் சுவரும் சேரும் மூலையில் சிமெண்டால் ஒரு பட்டை பூசியிருந்தார்கள். வெயிலில் அது விரிசல் விட்டிருந்தது. அந்த விரிசல் வழியாக உள்ளே போன தண்ணீர் திரும்பி வர வழியில்லை. போதாக்குறைக்கு, சுவரின் மேல் ஓர் அடி உயரத்துக்குச் செம்மண் புள்ளிகள். மழைத்துளி கெட்டித் தரையில் விழுந்து சுவரில் தெறித்த அடையாளம் அது.

அந்தக் காலத்துச் சுவரில் இன்று நாம் போடும் டி.பி.சி., அதாவது தரை ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கும் அடுக்கு, கிடையாது. இந்த வீட்டில் அஸ்திவாரத்துக்கு மேல் ஓடிய கருங்கல் வரிசைதான் முக்கால்வாசி அந்த வேலையைச் செய்துவந்தது. பேவர் அதை மூடிவிட்டதால் ஈரம் நேராகச் செங்கல்லைத் தொட்டது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல ஈரத்தை மேலே இழுக்கும். அந்த ஈரம் காயும்போது உப்பு மட்டும் தங்கிப் பூச்சைத் தள்ளும். வெளிப்பக்கம் சிமெண்ட் பூசியிருந்தால் ஈரம் ஆவியாக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். இங்கே அதையும் பூசியிருந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இதற்கான பாடம் அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நடுவில் வானம் பார்த்திருக்கும் வளவு முற்றத்தைப் பாருங்கள். சுற்றியுள்ள தாழ்வாரத்தைவிட ஒரு படி தாழ்வு, விளிம்பில் கருங்கல், ஓரத்தில் தண்ணீர் வெளியேற மடை. ஓட்டுக்கூரையை நன்றாக நீட்டிவிட்டிருப்பதால் கூரைத் தண்ணீர் முற்றத்தில்தான் விழும், சுவரை நெருங்காது. நடுவீட்டில் மழையை வரவேற்ற மனிதர்கள் சுவரை நனைய விடவில்லை. கொல்லையில் நாம் செய்தது இதற்கு நேர் எதிர்.

கொத்தனார் அண்ணன் சுவரில் துளை போட்டு, ஈரம் ஏறாமல் தடுக்கும் மருந்து ஏற்றலாம் என்றார். வெளியே மண் மட்டம் இறங்காமல் அதற்குச் செலவழிக்க எனக்கு மனமில்லை. பேவரைப் பிரித்து, அடியிலிருந்த செங்கல் தளத்தையும் மணலையும் அள்ளினோம். வெளித்தளம் டி.பி.சி.க்கு 150 மி.மீ., அதாவது அரை அடியாவது கீழே இருக்க வேண்டும் என்பது கணக்கு. இங்கே அந்தக் கருங்கல் வரிசையின் மேல்விளிம்பிலிருந்து அளந்தோம். வாட்டம் 60க்கு 1: பத்தடிக்கு இரண்டு அங்குலம், சுவரை விட்டு வெளிப்பக்கம். அதே பேவரைத்தான் திரும்பப் பதித்தோம், ஆனால் சுவரோரம் ஓர் அடி அகலம் விட்டுவிட்டு. அந்த இடைவெளியில் 20 மி.மீ. ஜல்லி, அதற்கடியில் துளையிட்ட பி.வி.சி. குழாய். ஜல்லியில் துளி விழுந்தால் அவ்வளவாகத் தெறிக்காது. இறங்கும் தண்ணீரைக் குழாய் தென்னைப் பக்கம் கொண்டுபோய்விடும். அஸ்திவாரத்துக்குக் கீழே போகும் அளவுக்குத் தோண்டிவிடக் கூடாது, அதில் மட்டும் கண்ணாக இருந்தேன்.

சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுவரைத் திறந்து போட்டோம். தைக்குள் பெயின்ட் அடித்துவிட வேண்டும் என்று ஆச்சிக்கு ஆசை. பழைய தடிமனான சுவர் காய மாதக்கணக்கில் ஆகும் என்று சொல்லி, கோடை முடியட்டும் என்றேன். முகத்தைச் சுளித்தாலும் ஒப்புக்கொண்டார். பிறகு சுண்ணாம்புப் பூச்சும் வெள்ளையடிப்பும்தான், பிளாஸ்டிக் பெயின்ட் கிடையாது.

தெருப் பக்கம்தான் தலைவலி. கட்டட விதிப்படி பேஸ்மட்டம் சுற்றியுள்ள தரையைவிட 450 மி.மீ.யாவது உயரமாக இருக்க வேண்டும். இந்த வீட்டுக்கு ஒரு காலத்தில் அதைவிடத் தாராளமாகவே இருந்திருக்கிறது. பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் வாசல் படிகளில் கீழ்ப்படி தார் ரோட்டுக்குள் போய்விட்டது. ரோட்டை நாம் கொத்த முடியாது. திண்ணையடியில் ஒரு சிறு கால்வாய் வெட்டிச் சல்லடை மூடி போட்டிருக்கிறோம். இலை அடைக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.