1962-க்கு வந்த 1999 துப்பாக்கி

மூன்று நாள் அலைச்சல், ஊட்டிக்கு இரண்டு நடை, டிரைவருக்கு ஒரு ராத்திரி லாரிக்குள்ளேயே தூக்கம். இத்தனையும் ஒரே ஒரு வார்த்தை விட்டுப்போனதால். அந்த வார்த்தை 'டம்மி'.

நான் ராணுவத்தில் ஆர்மரர். துப்பாக்கி பழுது பார்க்கிற வேலை. 1981-ல் சேர்ந்து 2003-ல் ஹவில்தாராக வெளியே வந்தேன், குன்னூரிலேயே தங்கிவிட்டேன். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர் இருப்பதால் எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு மாஜி ராணுவத்துக்காரர் மேல்தான் விழ வேண்டும். ஆனால் துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவன் என்று தேடி வந்தால் கொஞ்சம் பேர்தான் இருக்கிறோம். அப்படித்தான் 1962 சீனப் போரை வைத்து எடுக்கும் ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு என்னைக் கூப்பிட்டார்கள். துப்பாக்கி, தோட்டா வைக்கிற பவுச், பெல்ட், உடுப்பு எல்லாம் அந்தக் காலத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பதினோரு நாள் வேலை.

வாடகைத் துப்பாக்கிகளை ஏற்றி வரும் லாரி நீலகிரிக்குள் வர இ-பாஸ் போட ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. வனத்துறை அனுமதி, இடத்துக்கான கட்டணம் எல்லாம் படப்பிடிப்பு மேனேஜர் முடித்துவிட்டார். வெடிச் சத்தமும் புகையும் கூடாது என்று நிபந்தனை. நமக்கு எப்படியும் எல்லாம் டம்மிதானே என்று நினைத்தோம்.

சென்னையில் இருந்து வந்த லாரியை மலையேறும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்திவிட்டார்கள். தார்ப்பாயைத் தூக்கிய போலீஸ்காரரை இருபத்து நான்கு துப்பாக்கி முனைகள் பார்த்திருக்கின்றன. யாராக இருந்தாலும் நிறுத்தத்தான் செய்வார். மேலே வெலிங்டன், அருவங்காட்டில் கார்டைட் வெடிமருந்துத் தொழிற்சாலை. இந்த ரோட்டில் துப்பாக்கி ஏற்றிய லாரி என்றால் சும்மா விடுவார்களா? டிரைவர் பதறிப்போய் எனக்கு போன் போட்டார். முதல் பஸ்ஸைப் பிடித்து இறங்கினேன்.

வாடகைக் கடையின் கடிதத்தில் 'துப்பாக்கிகள் 24, பயனட் 10, படப்பிடிப்புக்காக வாடகைக்கு' என்று மட்டும் இருந்தது. பயனட் என்றால் துப்பாக்கி முனையில் மாட்டுகிற கத்தி. நான் லாரியில் இருந்து ஒரு பயனட்டை எடுத்து அதிகாரி முன்னால் வாழைப்பட்டை மாதிரி வளைத்துக் காட்டினேன். சுத்த ரப்பர். அவரும் சிரித்துவிட்டார். அப்புறம் சொன்னார்: "சார், பயனட் வளையுது, சரி. பேப்பர் வளையலையே."

அவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே இருந்து என்னைப் போகச் சொன்ன ஊட்டி அலுவலகத்தில் இருந்த எழுத்தர் மேல் சொல்வேன். முதல் நாள் போனபோது, "துப்பாக்கின்னு எழுதியிருக்கு, லைசென்ஸ் நம்பர் எங்கே?" என்றார். டம்மி என்றேன். எழுதி வாங்கி வாருங்கள் என்றார். சென்னைக்குப் போன் போட்டு புதுக் கடிதம் வாங்கி, மறுநாள் போய் வைத்தால், "டம்மின்னா எதால செஞ்சது?" என்று கேட்டார். ஃபைபர், ரப்பர், ஒன்று மட்டும் இரும்பு என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். "இரும்புன்னு இதுல இல்லையே சார்." ஒரு தடவை கேட்கும்போதே எல்லாவற்றையும் கேட்டால் என்ன குறைந்துவிடும்? மதியம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது கடிதம் போனுக்கே வந்து, பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்த பிறகுதான் முத்திரை விழுந்தது.

இந்த வேலைக்குப் போகிறவர்கள் லாரி கிளம்பும் முன்பே கடிதத்தைப் படித்துப் பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் 'டம்மி' என்று தனித்தனியாக இருக்க வேண்டும். எதால் செய்தது, குழல் அடைத்திருக்கிறதா, எத்தனை, எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதி வரை, லாரி நம்பர் என்ன, எல்லாம் வர வேண்டும். போட்டோவும் வைத்து, ஒரு நகலை உள்ளூர் ஸ்டேஷனில் முன்கூட்டியே கொடுத்துவிட்டால் பாதித் தலைவலி போய்விடும்.

மீதித் தலைவலி லாரிக்குள் இருந்தது. தார்ப்பாயை விலக்கி நானும் பார்த்தேனே, அப்போதே வயிற்றைக் கலக்கிவிட்டது. இருபத்து நான்கில் பன்னிரண்டு இன்சாஸ். உள்ளே இருக்கும் தோட்டா வெளியே தெரிகிற கண்ணாடி மாதிரி மேகசினோடு, அதாவது தோட்டாப் பெட்டியோடு. இன்சாஸ் 1999 கார்கில் போரில் ஜவான்கள் பிடித்திருந்த துப்பாக்கி. 1962-க்குள் முப்பத்தேழு வருஷம் முன்கூட்டியே வந்து சேர்ந்துவிட்டது! ஆறு எஸ்.எல்.ஆர். துப்பாக்கி வேறு. அதுவும் நம் ராணுவத்துக்கு 1962-க்குப் பிறகுதான் வந்தது. 1962-ல் பெரும்பாலான ஜவான்களின் கையில் இருந்தது த்ரீ நாட் த்ரீ. ஒரு தடவை போல்ட் என்கிற தாழை இழுத்துத் தள்ளினால் ஒரு தோட்டா, அவ்வளவுதான். நான் போனில் நாலு தடவை சொல்லியிருந்தேன். "எல்லாம் ரெடி சார்" என்று நாலு தடவையும் பதில் வந்தது. வாயால் சொன்னது பட்டியல் ஆகாது. போட்டோ அனுப்பச் சொல்லி, பார்த்த பிறகே லாரி ஏற்றச் சொல்லுங்கள்.

மிச்சம் ஆறு. அதில் ஒன்றுதான் அந்த இரும்பு டம்மி. அது மட்டும் அசல் த்ரீ நாட் த்ரீ வடிவம், போல்ட்டும் வேலை செய்யும். மற்ற ஐந்தையும் தூரத்தில் பார்த்தால் த்ரீ நாட் த்ரீ என்றே சொல்வீர்கள். கிட்டே போனால் இஷாப்பூர் ராணுவத் தொழிற்சாலையில் செய்த 2ஏ1 என்கிற துப்பாக்கி. பார்வைக்கு அண்ணன் தம்பி, ஆனால் தம்பி பிறந்தது சீனப் போருக்குப் பிறகு. கண்டுபிடிக்க எளிய வழி மேகசின். த்ரீ நாட் த்ரீ தோட்டாவின் அடியில் ஒரு விளிம்பு துருத்திக்கொண்டு இருக்கும். அடுக்கினால் சாய்ந்துதான் நிற்கும், அதனால் மேகசினின் அடிப்பக்கமும் சரிந்திருக்கும். 2ஏ1-க்கு 7.62 மில்லிமீட்டர் தோட்டா, அதில் அந்த விளிம்பு இல்லை. மேகசின் தீப்பெட்டி மாதிரி சதுரம். அதில் பத்து தோட்டா, இதில் பன்னிரண்டு. சினிமாக்காரர்கள் மட்டும் இல்லை, விஷயம் தெரிந்தவர்களே இதில் ஏமாறுவார்கள்.

இன்சாஸையும் எஸ்.எல்.ஆரையும் அதே லாரியில் திருப்பி அனுப்பினேன். மாற்று வர நாலு நாள். அதுவரை ஐந்து 2ஏ1-ஐ வைத்து ஒப்பேற்ற வேண்டும். கார் பட்டறையில் டிங்கரிங் முடிந்ததும் பூசுகிற பட்டி இருக்கிறதே, அதைக் கால் கிலோ வாங்கி, சதுர மேகசினின் அடியை அறுத்துச் சரிவாக்கிப் பூசித் தேய்த்துக் கறுப்படித்தோம். ஆர்ட் டிபார்ட்மென்ட் பையன் ஒருவன் ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து உப்புத்தாள் போட்டான். காலையில் தூக்கிப் பார்த்தேன். நான் வேலை பார்த்த கோத்தில், அதாவது ஆயுத அறையில் வைத்திருந்தால்கூட இரண்டாவது தடவைதான் திரும்பிப் பார்த்திருப்பேன்.

படப்பிடிப்பு ஊட்டிக்குப் பக்கத்தில், ஒன்பதாம் மைல் ஷூட்டிங் மட்டத்திலும் தலைகுந்தா பக்கமும். பைன் மரமும் புல்வெளியும் இமயமலை என்று ஒப்புக்கொள்ளலாம், கேமரா யூகலிப்டஸ் பக்கம் திரும்பாதவரை. தேயிலைத் தோட்டம் இரண்டு தடவை உள்ளே வந்துவிட்டது. அது என் வேலை இல்லை, ஆனாலும் சொன்னேன்.

உடுப்பில் பெரிய சண்டை இல்லை. புள்ளி போட்ட கேமஃப்ளாஜ் கூடாது, ஓ.ஜி., அதாவது ஆலிவ் பச்சைதான் என்றதும் மாற்றிவிட்டார்கள். பவுச்சில்தான் மாட்டிக்கொண்டோம். எதிரி வரும் முன் பள்ளத்தில் மூச்சுவிடாமல் படுத்திருக்கிற காட்சி. பனி இறங்கி நல்ல அமைதி. ஹீரோ மெதுவாகத் தோட்டா எடுக்கக் கையை விட்டார். சர்ர்ர்ர் என்று ஒரு சத்தம். வெல்க்ரோ! ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். நான் முதல் நாளே அதைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும், கண்ணால் மட்டும் பார்த்து விட்டுவிட்டேன். அந்தக் கால வெப், அதாவது கித்தான் பவுச்சுக்கு பித்தளைக் குமிழ்தான். குன்னூர் மார்க்கெட்டில் ஒரு டெய்லர் பதினெட்டு பவுச்சையும் பிரித்து பட்டன் வைத்துக் கொடுத்தார்.

அப்புறம் பதவிப் பெயர். வசனத்தில் 'நாயிப் சுபேதார் சாப்' என்று இருந்தது. அந்தப் பெயர் வந்தது 1965-ல். அதற்கு முன்னால் ஜமேதார். "ஜமேதார்னா நம்ம ஊர்ல பெரிய அதிகாரிக்குக் கதவு திறந்துவிடறவர்தானே அங்கிள், ஜனங்க சிரிப்பாங்க" என்றார் டைரக்டர். இதில் தோற்றேன். எல்லாரும் 'சாப்' என்று மட்டும் கூப்பிடுவது என்று சமரசம்.

நடிகர்களுக்குப் பழக்கியது தனிக் கதை. ஃபைபர் துப்பாக்கியில் கனமே இல்லை, குடை மாதிரி ஆட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். அசல் கிட்டத்தட்ட நாலு கிலோ. அந்த இரும்பு டம்மியைக் கொடுத்து, வண்டி நிறுத்திய இடத்தில் இருந்து மேடு வரை ஆளுக்கு இரண்டு தடவை நடக்கவிட்டேன். மறுநாள் தோள் தானாக இறங்கிவிட்டது. இன்னொன்று, சுட்டதும் துப்பாக்கியைத் தோளில் இருந்து இறக்கிப் போல்ட்டை இழுப்பார்கள். அப்படி இழுத்தால் குறி போய்விடும். கன்னம் கட்டையில் ஒட்டியபடியே இருக்க, கை மட்டும் போய் வர வேண்டும். ஹீரோவுக்கு இது வர இரண்டு நாள். வந்த பிறகு எனக்கே பழைய ஃபயரிங் ரேஞ்ச் ஞாபகம் வந்துவிட்டது.

நான் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கியது ஒரே ஒரு க்ளோஸ்-அப். சார்ஜர் கிளிப்பில் ஐந்து தோட்டாவைச் செருகி, கட்டைவிரலால் ஒரே அழுத்தில் மேகசினுக்குள் இறக்குவது. அதற்குத் தோட்டா வேண்டுமே. எங்கேயாவது பழைய வெற்றுத் தோட்டாக் கூடு கிடைக்கும் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள், வீண் வம்பு. குன்னூரில் ஒரு லேத் கடையில் முழுப் பித்தளைக் கம்பியைக் கடைந்து வாங்கினேன். நீளம் 78 மில்லிமீட்டர், அடி விளிம்பு பதினாலுக்குக் கொஞ்சம் கம்மி. கடைக்காரர் முதல் ஒன்றை முடித்துக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்ணே, இதுனால எனக்கு ஒண்ணும் வராதே?" என்று கேட்டார். கடிதத்தின் ஒரு நகலை அவருக்கும் கொடுத்தேன்.

அந்த ஷாட் ஏழாவது டேக்கில் வந்தது. கட்டைவிரல் அழுந்தி, கடக் கடக் என்று ஐந்தும் இறங்கி, போல்ட் மூடும்போது காலி கிளிப் தெறித்து விழுந்தது. மூன்று செகண்ட். யாரும் கைதட்டவில்லை. எனக்கு மட்டும் உடம்பு சிலிர்த்தது.

போன வாரம் எடிட் செய்ததைப் போட்டுக் காட்டினார்கள். மூன்று செகண்டும் அப்படியே இருக்கிறது. அடுத்த ஷாட்டில் ஹீரோ குறி பார்க்கிறார், விசையை அழுத்துகிறார், 'டடடடட' என்று ஒரு நீளச் சத்தம். மெஷின்கன்! "தம்பி, அது ஒரு தடவை அழுத்தினா ஒரு தடவைதான் சுடும்" என்றேன். "அங்கிள், பஞ்ச் வேணும்ல." ஒரு மணி நேரம் பேசி அந்த ஒரு காட்சிக்கு மட்டும் ஒற்றைச் சத்தம் வாங்கிவிட்டேன். மற்ற எபிசோடுகளில் இன்னும் டடடடதான்.

சம்பளம் வந்துவிட்டது. கைக்காசு போட்ட செலவுக்குத்தான் பில் அனுப்பியிருந்தேன். பட்டி, உப்புத்தாள், டெய்லர் கூலி, லேத் கடை. நேற்று அக்கவுண்ட்ஸில் இருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். எல்லாம் சரி, கடைசி வரி மட்டும் பாஸ் ஆகவில்லையாம். அவசரத்தில் 'தோட்டா 5' என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.

"லைசென்ஸ் நம்பர் கேக்கறாங்க சார்."