யோபுவின் கதையைச் சொன்னவர்

2017 நவம்பர் 30 அன்று அடித்த ஒக்கிப் புயலில், குலை தள்ளி நின்ற எங்கள் ஏத்தன் வாழை மொத்தமும் சாய்ந்தது. பாட்டத்துக்கு எடுத்த நிலம், நகையை அடகு வைத்துப் போட்ட முதல். கடலுக்குப் போனவர்கள் திரும்பி வராத வீடுகள் கன்னியாகுமரி மாவட்டம் முழுக்க இருந்தபோது, வாழைக்காக அழவே எங்களுக்குக் கூச்சமாக இருந்தது.

அடுத்து வந்த தவக்காலத்தில் மனைவியும் நானும் ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்குப் போனோம். கிறிஸ்தவ விசுவாசத்தை விடாத தேவசகாயம் பிள்ளையை 1752 ஜனவரி 14 அன்று சுட்டுக் கொன்ற மலை அது. நாங்கள் போனபோது அவர் அருளாளர்தான். புனிதர் பட்டம் 2022 மே 15 அன்று கிடைத்தது. மேலே, தட்டினால் மணிபோல ஒலிக்கும் பாறை ஒன்று உண்டு. வருகிறவர்கள் சிறு கல்லால் தட்டிவிட்டு வேண்டிக்கொள்கிறார்கள். நாங்களும் தட்டினோம்.

அவர் பட்ட பாடுகள் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்: எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனது, புண்ணில் மிளகாய்ப்பொடி தேய்த்தது. அன்று என் மனதில் ஓடியது அதற்கு முந்தைய கதை. நட்டாலத்தில் பிறந்த நீலகண்டனாக, அரண்மனை அலுவலராக இருந்த காலத்தில் அவருக்கும் விளைச்சல் போயிற்று, மாடுகள் செத்தன. சோர்ந்து நின்றவரிடம், எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத பைபிள் மனிதர் யோபுவின் கதையைச் சொன்னவர் டிலனாய். 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி. பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிலேயே சேர்ந்தவர். சொந்த ஊரை இழந்தவர் சொன்னதால்தானோ என்னவோ, அந்த ஆறுதல் ஒட்டிக்கொண்டது. 1745இல் வடக்கன்குளத்தில் நீலகண்டன் ஞானஸ்நானம் பெற்றார். போன மாடு திரும்பி வந்ததாக யாரும் சொல்வதில்லை. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் இன்னும் பெரிய துன்பம். ஆனாலும் அவர் விசுவாசத்தை விடவில்லை. பிரச்சினை தீராமலேயே ஒரு மனிதனால் கடவுளைப் பிடித்துக்கொள்ள முடியும் என்பது அந்த மலையில்தான் எனக்கு நம்பும்படியாக இருந்தது. கடன் அப்படியேதான் இருந்தது. இறங்கும்போது நெஞ்சில் பாரம் இல்லை.

அப்புறம் கோட்டாறு சவேரியார் கோயிலில் அவருடைய கல்லறைமுன் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, நேரே புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குப் போனோம். டிலனாயின் கல்லறை அங்கே இருக்கிறது. கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். 1777இல் இறந்திருக்கிறார். காற்றாடிமலைக்கு வருகிறவர்கள் இங்கேயும் ஒரு நடை வர வேண்டும் என்பது என் ஆசை. அவருக்காக ஒரு பரலோக மந்திரம் சொன்னோம். புயலுக்கு மறுநாள், தன் தோப்பும் விழுந்து கிடக்க, எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து கூடவே ஜெபித்த பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சிக்காக இன்னொன்று.