காபி காய்க்கும் வரை

ரயிலில் கஞ்சா பிடிபட்டால் நம் பத்திரிகைகளில் 'ஆந்திராவிலிருந்து கடத்தல்' என்று ஒரு வரி வரும், அதோடு சரி. அந்தக் கஞ்சா விளைந்த மலையில் நான் வேலை பார்த்திருக்கிறேன். விசாகப்பட்டினத்துக்கு மேற்கே மலையில் இருக்கும் பாடேரு, சிந்தப்பள்ளி பக்கம், பழங்குடி விவசாயிகளோடு காபி, மிளகு வேலை.

2021 கடைசியில் ஆந்திரக் காவல்துறை 'ஆபரேஷன் பரிவர்த்தனா' என்ற பெயரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் கஞ்சாவை வெட்டி அழித்தது. 2022 பிப்ரவரியில் அனகாபள்ளி அருகே சுமார் 2 லட்சம் கிலோவை எரித்தார்கள். வெட்டின நிலத்தில் அடுத்து என்ன என்பதுதான் எங்கள் கவலை.

காபி அந்த மண்ணுக்குப் புதிதில்லை. அதே மலைத்தொடரின் அரக்குப் பள்ளத்தாக்கில் விளையும் அராபிகா வகைக் காபிக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. ஆனால் நாற்று நட்டுப் பழம் பறிக்க மூன்று, நான்கு வருடம் ஆகும். காபிக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏறிக் காய்க்கவும் ஏறக்குறைய அவ்வளவு காலம். கஞ்சா சில மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும். அதோடு, வியாபாரியே விதை தருவார், முன்பணம் தருவார், சரக்கை ஊருக்கே வந்து எடுத்துக்கொள்வார். வண்டி ஏறாத ஊரில் இது சாதாரண விஷயமில்லை. லாபத்தில் பெரும்பங்கு அவருக்குப் போகும். பிடிபட்டால் ஜெயிலுக்குப் போவது பயிரிட்டவரும் மூட்டை சுமந்த பையனும். இது அவர்களுக்கும் நன்றாகத் தெரியும்.

கூட்டங்களில் பெண்கள்தான் நேராகக் கேட்பார்கள்: "காபி நல்லதுதான் சார். அது காய்க்கிற வரைக்கும் பிள்ளைகளுக்கு என்ன போடுறது?"

அதன் பிறகு நாங்கள் காபியோடு ராஜ்மா, மஞ்சள் இரண்டையும் சேர்த்தே பேசினோம். ராஜ்மா சீக்கிரம் கைக்குக் காசு தரும். மஞ்சளைப் பச்சையாகச் சந்தையில் போட்டால் அடிமாட்டு விலைதான். அவித்து, காயவைத்து, மெருகேற்றி விற்றால் நல்ல விலை. ஊரிலேயே தராசு வைத்து எடை போட்டு, அன்றைக்கே பணம் கொடுத்த இடங்களில் நம்பிக்கை வந்தது. பணம் தாமதமான ஊர்களில் பழைய வியாபாரி திரும்ப எட்டிப் பார்த்தார்.

இப்போதும் யாராவது திட்டம் போட ஆலோசனை கேட்டால், நாற்றுக்கு ஒதுக்கும் பணத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்வேன். முதல் மூன்று வருடத்துக்கு வட்டியில்லா முன்பணம், ஊருக்கு ஒரு தராசு, மழைக்காலத்திலும் வண்டி ஏறும் பாதை: இவற்றை முதலில் எழுதுங்கள் என்பேன்.